ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எந்த வாசல்?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூலிம் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். அவருடைய அக்காள் மகள் படிவம் ஐந்து படிக்கிறாள். அக்காள் ஹார்வர்ட் தோட்டத்தில் செம்பனை வேலை செய்கிறார். அரையாண்டுத் தேர்வில் பத்துப் பாடங்களில் ஆறு ஏ, மூன்று பி, கூடுதல் கணிதத்தில் சி. அந்த ஆறில் இரண்டு ஏ மைனஸ். "டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள் சார். மலாயாப் பல்கலைக்கழகம் கிடைக்குமா, சிங்கப்பூர் கிடைக்குமா, எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லுங்கள்" என்பது கேள்வி. கடைசி வரியில், "ஹார்வர்ட் தோட்டத்துப் பிள்ளை ஹார்வர்டுக்கே போனால் எப்படியிருக்கும்!" என்று ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழகியது. சுங்கை பட்டாணியில் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அதே நகைச்சுவையைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்வார்கள். பெயர்ப்பலகையை வைத்துப் பார்த்தால் நம் வட்டாரப் பிள்ளைகள் ஏழு வயதிலேயே ஹார்வர்டில் சேர்ந்துவிடுகிறார்கள். அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கே அந்தப் பெயர்தான். அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு ஹார்வர்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தம்பி, விழுக்காடு கேட்டீர்கள். தர மாட்டேன். அரையாண்டு மதிப்பெண்ணை வைத்து விழுக்காடு சொல்பவர் ஜோசியர். ஆனால் கையை விரித்துவிட்டும் போக மாட்டேன். இன்றைய நிலையில் அவளுக்கு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நல்ல அறிவியல் படிப்பு கிடைப்பது எட்டும் தூரத்தில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஓர் அறிவியல் படிப்பு என்றால் உழைத்தால் கிடைக்கும். அங்கேயே மருத்துவம் என்றால் ஊசிமுனை. சிங்கப்பூர், அவள் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வுக்குப் பிறகு எந்த வழியில் போகிறாள் என்பதைப் பொறுத்தது. நான் பார்த்தவரையில் தோட்டத்துப் பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் மதிப்பெண்ணில் அன்று. எஸ்பிஎம் முடிவு வந்த சில வாரங்களுக்குள் எந்த வாசலில் நுழைவது என்று எடுக்கும் முடிவிலும், அதற்கு முன்பே யாரும் கவனிக்காமல் கரைந்துபோகும் பத்துப் புள்ளிகளிலும்தான் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் வாசல்கள். எஸ்பிஎம் முடித்த அறிவியல் மாணவிக்கு, காசு கொடுக்காமல் போகக்கூடிய பெரிய வாசல்கள் இரண்டு: ஓராண்டு மெட்ரிகுலேஷன், அல்லது ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவம். இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்புகள். ஆறாம் படிவத்துக்கு உரிய தேர்வு எஸ்டிபிஎம்.

மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும்), 10 விழுக்காடு மற்ற எல்லோருக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தினார்கள், விகிதத்தைத் தொடவில்லை. அந்தப் பத்தில் சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் மற்றவர்களும் அடக்கம். பிறகு 2024ஆம் ஆண்டு நடுவில் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்பிஎம்மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். நம்மவர்கள் கொண்டாடினார்கள். அடுத்த சில நாட்களில், அந்த ஆண்டு ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்று விளக்கம் வந்தது. பாதிக் கொண்டாட்டம் அடங்கியது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஊரில் பலருக்கு இது உறைப்பதில்லை. அறிவியல் பிரிவு மாணவர் ஒருவர் வழக்கமாக எடுக்கும் பாடங்களை எண்ணிப் பாருங்கள்: மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறி, கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பதுதான் வருகிறது. பத்தாவது எது? தமிழ். "தமிழில் ஏ எடுப்பது கடினம், மொத்தக் கணக்கைக் கெடுத்துவிடும்" என்று சொல்லித் தமிழை விட்டுவிடும் பிள்ளை, எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் ஒன்பதில் நின்றுவிடுகிறது. பத்து ஏ என்ற வாசலே அதற்கு இல்லை. உங்கள் அக்காள் மகளின் பட்டியலில் தமிழ் பத்தாவதாக இருக்கிறது. பி பிளஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏ ஆக்குவது, கூடுதல் கணிதத்தில் சியை ஏ ஆக்குவதைவிட எளிது என்று அவளிடம் சொல்லுங்கள். கட்டுரையும் இலக்கணமும் மூன்று மாதத்தில் தூக்கி நிறுத்தக்கூடியவை. கூடுதல் கணிதம் அப்படியன்று. படிவம் நான்கில் விட்ட இடம் படிவம் ஐந்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பத்து ஏ வராவிட்டால் மெட்ரிகுலேஷனே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வழக்கமான இடங்களுக்கும் விண்ணப்பம் உண்டு. அங்கே போட்டி கடுமை, அவ்வளவே. விண்ணப்பம் கல்வியமைச்சின் தனி இணையப்பக்கத்தில் நடக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான யுபியூ விண்ணப்பம் வேறு, இது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு, "ஏன் சார் கடிதம் வரவில்லை?" என்று ஜூன் மாதம் என் வீட்டு வாசலில் வந்து நின்ற பிள்ளைகள் உண்டு. எஸ்பிஎம் முடிவு வரும் மாதம் கடந்த சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருகிறது. 2023ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2024 மே மாதக் கடைசியில் வந்தது, அதற்கடுத்த தேர்வின் முடிவு 2025 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆகவே பழைய நாட்காட்டியை நம்பாதீர்கள்.

ஆறாம் படிவத்துக்கு வருகிறேன். நான் அங்கே சோறு தின்றவன். என் பேச்சில் பாசம் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். எஸ்டிபிஎம் கடினம், உண்மை. ஒன்றரை ஆண்டில் மூன்று தவணை, ஒவ்வொன்றிலும் தேர்வு. அதற்கு மேல் இடுபணி. எல்லோருக்கும் கட்டாயமாகப் பொதுப்பாடம். தனியாக மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வு. மெட்ரிகுலேஷனில் பிள்ளை விடுதியில் இருந்து படித்து ஓராண்டில் வெளியே வந்துவிடும். கெடாவுக்குச் சங்லூனிலும், பினாங்குக்குக் கெப்பாலா பத்தாஸிலும் கல்லூரி இருக்கிறது. உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் மட்டும்தான் இலக்கு என்றால், மெட்ரிகுலேஷன் கடிதம் கைக்கு வந்தபின் அதை மறுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மெட்ரிகுலேஷன் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட வழி. எஸ்டிபிஎம் சான்றிதழ் வெளியே செல்லும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் எஸ்பிஎம்மை மட்டும் வைத்து யாரையும் எடுப்பதில்லை, எஸ்டிபிஎம்மை ஏற்கிறது. கியூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வைத்துப் பேசப்படும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சுங்கை பட்டாணி அரசுப்பள்ளியின் ஆறாம் படிவ வகுப்பிலிருந்து நேராக விண்ணப்பிக்கலாம் என்பது நம் பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆகவே சிங்கப்பூர் கனவு வெறும் பேச்சாக இல்லாவிட்டால், அவளுக்குரிய வாசல் ஆறாம் படிவம்தான்.

இன்னொன்றும் உண்டு. எஸ்டிபிஎம்மில் முதல் இரண்டு தவணைத் தாள்களை மீண்டும் எழுதிப் புள்ளியை ஏற்றிக்கொள்ள வழியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாயும் ஆங்கிலமும் பிடிபட நாள் எடுக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். மெதுவாகச் சூடேறும் அடுப்புகள் அவர்கள். ஓராண்டு ஓட்டத்தில் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

இப்போது அந்தப் பத்துப் புள்ளிகள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு உங்களை வரிசைப்படுத்தும் தகுதிப்புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 90 படிப்புக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. எஸ்டிபிஎம்மில் சராசரிப் புள்ளி நான்குக்கு நான்கு என்றால் 90 முழுதாக வரும். மூன்று பாடங்களில் ஏ, ஒன்றில் ஏ மைனஸ் என்றால் சராசரி 3.92, நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 88.2. அதாவது ஓர் ஏ மைனஸின் விலை 1.8 புள்ளி. அந்த 1.8க்காகப் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள், பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள். சரி. இனி மறுபக்கம் பாருங்கள். நான்குக்கு நான்கு வாங்கிய மாணவனின் புறப்பாடப் புள்ளி 6.5 என்றால் மொத்தம் 96.5. ஏ மைனஸ் வாங்கிய மாணவியின் புறப்பாடப் புள்ளி 8.9 என்றால் மொத்தம் 97.1. வரிசையில் அவள்தான் முன்னால் நிற்பாள்.

என் வகுப்பில் இப்படி ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். தோட்டத்து லயத்திலிருந்து வந்தவன், வேதியியலில் என்னையே திருத்தியவன். எஸ்டிபிஎம்மில் நான்கு. மருந்தகத் துறை கேட்டான், கிடைக்கவில்லை. பட்டியலில் எங்கோ கீழே போட்டிருந்த ஒரு படிப்பு வந்தது. காரணம் தேடி அவனுடைய புறப்பாடப் பதிவை எடுத்துப் பார்த்தேன். சீருடை இயக்கத்தில் சாதாரண உறுப்பினர், மன்றத்தில் சாதாரண உறுப்பினர், விளையாட்டில் வருகை பாதிக்கும் கீழே. சோம்பேறியா? இல்லை. எங்கள் பள்ளியில் புறப்பாடம் புதன்கிழமை மாலையில். அவன் வரும் வேன் ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் பெருஞ்சாலையிலிருந்து தோட்டத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் நடை. இரண்டு பருவம் அவன் ஒன்றரை மணி வேனில் வீட்டுக்குப் போனான். நாங்கள் ஆசிரியர்கள், அவன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோமே தவிர, புதன்கிழமைகளில் அவன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கைக்கு எட்டியது ஒரு வேனால் வாய்க்கு எட்டாமல் போயிற்று.

உங்கள் அக்காள் மகளுக்கு இப்போது இருக்கும் படிவம் ஐந்துப் புறப்பாடப் புள்ளி மெட்ரிகுலேஷன் தேர்வுக்கும் உபகாரச் சம்பள விண்ணப்பங்களுக்கும் உதவும். ஆறாம் படிவம் போனால் அங்கே கணக்குப் புதிதாகத் தொடங்கும். சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு மூன்றிலும் புள்ளி. வருகைக்குப் புள்ளி, பதவிக்குப் புள்ளி, எந்த நிலைப் போட்டி என்பதற்கும் புள்ளி. பள்ளி அளவில் பத்துப் போட்டிகளில் கலந்துகொள்வதைவிட மாநில அளவில் ஒன்று மேல். நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் துறைகள் தமிழிலேயே இருக்கின்றன. பேச்சுப்போட்டி, கவிதை ஒப்புவித்தல் எல்லாம் மாவட்டம், மாநிலம் என்று ஏறக்கூடியவை. ஆனால் சான்றிதழைப் பத்திரப்படுத்தி, பொறுப்பாசிரியர் அதைப் பதிவேற்றினாரா என்று கேட்டு உறுதிசெய்யும் வேலை பிள்ளையுடையது. கோப்புக்குள் தூங்கும் சான்றிதழுக்குப் புள்ளி கிடையாது.

மருத்துவத்துக்கு வருவோம். மற்றப் படிப்புகளுக்குச் சொன்ன கணக்கு இங்கே ஓரளவுதான் பொருந்தும். நான்குக்கு நான்கு என்பது மருத்துவத்தில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. அதற்குப் பிறகுதான் வீடு. கூடவே நேர்காணல் உண்டு. முழுப்புள்ளி பெற்றும் இடம் கிடைக்காதவர்களின் கதை ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. மருத்துவத்தில் மட்டுமன்று, 2025இல் 99.9 தகுதிப்புள்ளி வைத்திருந்த ஒரு மாணவருக்கு, கேட்ட கணக்கியல் துறை கிடைக்காமல் நாடே விவாதித்தது. அந்த விவாதத்தில்தான் பலருக்கு, மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய யுபியூவுக்கு வெளியே நேரடிச் சேர்க்கை வழி ஒன்றும் இருக்கிறது, அங்கே கட்டணம் பல மடங்கு என்ற செய்தியே தெரிந்தது. அதன் நியாய அநியாயத்தைப் பேசினால் இந்தப் பதில் முடியாது. பேசாமல் விடுவதால் எனக்கு அதில் கருத்தில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தச் செய்தியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. யுபியூ படிவத்தில் தேர்வுகளை நிரப்பும்போது ஒரே படிப்பை வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்கு வரிசையாக எழுதி நிறுத்தாதீர்கள். மருத்துவம் மலாயா, மருத்துவம் யுகேஎம், மருத்துவம் யுஎஸ்எம், மருத்துவம் யுபிஎம் என்று போட்டுவிட்டுக் கடைசியில் கையில் பட்ட ஏதோ ஒன்றை எழுதுகிறார்கள். கணினி அந்த ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது, அல்லது கேட்காத ஒன்றைக் கொடுக்கிறது. பிள்ளை நான்கு ஆண்டு அதில் இருந்து மாய்கிறது. பட்டியலின் நடுவில், உண்மையாகவே படிக்க விரும்பும், போட்டி சற்றுக் குறைந்த படிப்புகளை வையுங்கள். மருந்தகம், உயிர்மருத்துவம், உணவுமுறை, கதிர்ப்படத் துறை, இயன்மருத்துவம், பேச்சு மருத்துவம். பேச்சு மருத்துவம் என்று ஒரு படிப்பு இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. தமிழும் மலாயும் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட தொழிலாக அமையும் என்று யோசித்துப் பாருங்கள். கிடைத்தது பிடிக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கான நாட்கள் குறைவு, முடிவு வந்த அன்றே பார்க்க வேண்டும்.

"அரசில் கிடைக்காவிட்டால் தனியாரில் சேர்த்துவிடலாம், ஏய்ம்ஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது" என்று உங்கள் மாமன்மார் யாராவது சொல்லியிருப்பார்கள். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கியது, மலேசிய இந்தியர் காங்கிரஸான மஇகாவின் கல்விக் கழகமான எம்ஐஇடி கட்டியது, செமிலிங்கில் நம் கண்முன் நிற்கிறது. வெள்ளை அங்கிப் பிள்ளைகள் பீடோங் கடைகளில் தேநீர் குடிப்பதைப் பார்த்துப் பார்த்தே நம் பிள்ளைகளுக்கு டாக்டர் ஆசை வருகிறது என்று எனக்குச் சந்தேகம். நல்லது, வரட்டும். ஆனால் தனியார் மருத்துவப் படிப்பின் செலவு தோட்டச் சம்பளத்தில் அடங்குவதன்று. கடனுதவி பெற்றாலும் மீதித் தொகை ஒரு வீட்டு விலைக்குப் போகும். வெளிநாட்டில் மலிவாக மருத்துவம் என்று மண்டபம் பிடித்துக் கூட்டம் போடும் முகவர்களிடம் போவதற்கு முன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முகவரின் மடிக்கணினியில் பார்க்காதீர்கள். இன்னொரு விவரமும் அவள் காதில் விழட்டும்: 2016 கடைசியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் அரசு வேலையில் சேர்கிறார்கள். பட்டம் வாங்கினால் நிரந்தர வேலை என்ற பழைய உத்தரவாதம் இல்லை.

சிங்கப்பூர்ச் செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டணம் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் அந்நாட்டு அரசு கல்விக் கட்டண மானியம் தருகிறது. வெளிநாட்டு மாணவர் அதைப் பெற்றால், படித்து முடித்தபின், பெரும்பாலான படிப்புகளுக்கு, மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கத் தோன்றும், ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அங்கே இருக்க முடியுமா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மானியத்துக்கு மேலும் மிஞ்சும் கட்டணத்துக்கு ஆசியான் மாணவர்களுக்கென்று உபகாரச் சம்பளம் இருக்கிறது. அதற்கு எஸ்டிபிஎம்மில் மிகச் சிறந்த புள்ளி வேண்டும். நேர்காணலில் ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வேண்டும். அங்கேயும் மருத்துவம் என்றால் போட்டி வேறு உலகம். உயிரறிவியல், மருந்தகம், பொறியியல் என்றால் முயன்று பார்க்கலாம்.

இனி அமெரிக்க ஹார்வர்ட். சிரித்துக்கொண்டு கேட்டீர்கள், நான் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். 2024இல் சேர்ந்த வகுப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் தத்தம் பள்ளியில் முதல் வரிசை மாணவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பணத்தைக் காரணம் காட்டி அந்தக் கதவை மூடாதீர்கள், ஏனென்றால் அங்கே பணம் காரணமே அன்று. வெளிநாட்டு மாணவர் என்றாலும் குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேர்ந்தெடுத்தபின் தேவையான முழு உதவியையும் தரும் விரல்விட்டு எண்ணக்கூடிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது ஒன்று. எம்ஐடி, யேல், பிரின்ஸ்டன் ஆகியவையும் அப்படியே. 2025-26 கல்வியாண்டிலிருந்து ஆண்டு வருமானம் ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்குப் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் இலவசம் என்று ஹார்வர்ட் அறிவித்தது. உங்கள் அக்காளின் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் ஆண்டுக்கு 20,400 வெள்ளி. அந்த ஒரு லட்சம் டாலர் வேலிக்கு அவர் எவ்வளவு தூரம் கீழே இருக்கிறார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அங்கே இடம் கிடைத்த தோட்டத்துப் பிள்ளைக்குச் செலவு, பீடோங் தனியார் கல்லூரி ஒன்றில் ஆகும் செலவைவிடக் குறைவு.

கிடைப்பதுதான் பாடு. எஸ்பிஎம் மதிப்பெண்ணோடு போட்டி போட முடியாது. எஸ்டிபிஎம்மோ ஏ லெவலோ நடந்துகொண்டிருக்க வேண்டும். எஸ்ஏடி அல்லது ஏசிடி என்னும் அமெரிக்க நுழைவுத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். நம் பள்ளிகளில் அது ஒரு பெரிய சிக்கல், எழுதத் தெரிந்தவர்களுக்கு நேரமில்லை, நேரமிருப்பவர்களுக்கு அந்தப் பாணி பழக்கமில்லை. பிறகு கட்டுரை. "ஏழைத் தோட்டத்தில் பிறந்தேன், கண்ணீரோடு படித்தேன்" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. வறுமை அவர்களுக்குத் தெரியாத செய்தியன்று. அவள் எதைக் கவனிக்கிறாள், எதைத் தானாகச் செய்து பார்த்தாள் என்பதைத்தான் தேடுவார்கள். ஒரு முறை ஒரு மாணவி, செம்பனைக் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது உதிரும் பழங்களை அம்மா ஏன் இரண்டாம் முறை குனிந்து பொறுக்குகிறார் என்று என்னிடம் விளக்கினாள்; கூலிக் கணக்கு, இடுப்பு வலி, வண்டியின் உயரம் எல்லாம் அந்த விளக்கத்தில் இருந்தன. அவள் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் அதுதான் கட்டுரை.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அதை இப்போதைய திட்டமாக வைக்காதீர்கள். ஆறாம் படிவத்தில் முதல் தவணை முடிந்து, ஆங்கிலம் நிமிர்ந்து, அவளே விரும்பினால் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடியும் கேட்கலாம்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. மீதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடிபிடிஎன் என்னும் அரசுக் கல்விக் கடன் இருக்கிறது. முதல் பருவத்துக்குப் பதிவுக் கட்டணம், படுக்கை, பேருந்து, பழைய மடிக்கணினி என்று சில ஆயிரம் வெள்ளி கையில் இருக்க வேண்டும். கடன் பணம் வர நாளாகும். உபகாரச் சம்பளங்களில் ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை), பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா, சைம் டார்பி அறவாரியம் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். சில வாய்ப்புகள் எஸ்பிஎம் முடிவு வந்த சில நாட்களிலேயே மூடிவிடும். சம்பளச் சீட்டு, அம்மாவின் அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை இப்போதே ஓர் உறையில் போட்டு வையுங்கள். பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்துக் குடும்பங்களில் ஓர் எழுத்து மாறியதால் மாதக்கணக்கில் பதிவிலாகாவுக்கு அலைந்தவர்களை நான் அறிவேன்.

இனி நீங்கள் எதிர்பார்க்கும் முடிவு. மெட்ரிகுலேஷனுக்கும் விண்ணப்பியுங்கள், யுபியூவையும் நிரப்புங்கள், ஆறாம் படிவ இடத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எதையும் இப்போதே தள்ளிவிட வேண்டாம். மூன்றும் கையில் வந்தால், நான் அவள் இடத்தில் இருந்தால் ஆறாம் படிவம் போவேன். வேதியியல், உயிரியல், கணிதம் எடுப்பேன். இயற்பியலை விட்டுவிடுவேன், ஏனென்றால் அவளுடைய அரையாண்டுத் தாளில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் ஒரே நோயைக் காட்டுகின்றன. இயற்பியல் கேட்கும் படிப்பு ஒன்றை அவள் விரும்புகிறாள் என்றால் இந்தக் கணக்கு மாறும். படிப்பின் நுழைவுத் தகுதியை முதலில் படித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எஸ்பிஎம்முக்கு எஞ்சியிருக்கும் மாதங்களில் எங்கே உழைப்பது என்றால், தமிழ், ஆங்கிலம், அந்த இரண்டு ஏ மைனஸ் பாடங்கள். கூடுதல் கணிதத்தில் பி வந்தால் போதும் என்று மனத்தை ஆற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கேயே எல்லா நேரத்தையும் கொட்டி மற்றவற்றை நழுவ விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து ஏ கைநழுவிப் போகலாம், போகட்டும். ஆறாம் படிவத்துக்குப் பத்து ஏ தேவையில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு குறை, தம்பி. அவளுடைய மதிப்பெண் இருக்கிறது, அம்மாவின் வேலை இருக்கிறது, உங்கள் கனவு இருக்கிறது. அவள் எந்தச் சீருடை இயக்கத்தில் இருக்கிறாள், புதன்கிழமை மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், ஏன் டாக்டர் என்கிறாள் என்பது எதுவும் இல்லை. வேன் ஒன்றரை மணிக்கே கிளம்பிவிடுகிறது என்றால் வேன்காரரிடம் போய் நீங்களே பேசுங்கள். புதன்கிழமை மட்டும் நாலரைக்கு இன்னொரு நடை, அதே பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு இரண்டு மூன்று வெள்ளி கூடும். மற்றக் கேள்விகளுக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் சரி. ஒரு பக்கம் போதும்.